அடித்தல் திருத்தல் இல்லாத ஏடு

2012இல் கோவைப் பக்கம் ஒரு மணி நேரம் கரண்ட் இருக்கும், அடுத்த மணி நேரம் இருக்காது. நூற்பாலைக்குள் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துவைக்கும் சிறு பெட்டி ஒன்றை அப்போது செய்து கொடுத்திருந்தேன். உள்ளே எஸ்டி கார்டு. அதில் ஃபேட் கோப்பு முறைமை. இரண்டாவது வாரமே ஆலை சூப்பர்வைசர் கூப்பிட்டார். "தம்பி, உங்க பெட்டி இன்னைக்கு எழுதலைன்னா பரவால்ல. போன வாரம் எழுதினதையும் சேத்து முழுங்கிடுச்சே!"

ஃபேட் மேல் பழி போட்டுப் பயனில்லை. 1977இல் மைக்ரோசாஃப்டில் பிளாப்பித் தட்டுக்காகப் பிறந்தது அது. எந்தக் கோப்பு எங்கே கிடக்கிறது என்ற அட்டவணையை இருந்த இடத்திலேயே மாற்றி எழுதும். எஸ்டி கார்டுக்குள் இருக்கும் பிளாஷ் சில்லுக்கு அந்தப் பழக்கம் ஒத்துவராது. தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோக்கா 1984இல் அறிமுகப்படுத்திய இந்த நினைவகத்தில் எழுதுவது என்றால் 1ஐ 0 ஆக்குவது. 0ஐத் திரும்ப 1 ஆக்க, ஒரு பிளாக் முழுவதையும் துடைத்தாக வேண்டும். துடைத்து முடித்து, எழுதத் தொடங்குவதற்குள் கரண்ட் போனால் பழையதும் போச்சு, புதியதும் இல்லை.

என் அப்பா பத்திர எழுத்தர். பதிவான பத்திரத்தில் சர்வே எண் தப்பாக இருந்தால் அதில் யாரும் பேனா வைக்க மாட்டார்கள். பிழைத்திருத்தல் பத்திரம் ஒன்று தனியாகப் பதிவாகும். பழையது கிடந்த இடத்தில் கிடக்கும். பிளாஷுக்கான கோப்பு முறைமைகளை எனக்கு விளக்கியது இந்த வழக்கம்தான்.

பழையதைத் தொடாமல் அடுத்தடுத்து எழுதிக்கொண்டே போகும் முறையை 1991இல் பெர்க்லியின் ரோசன்ப்ளமும் ஔஸ்டர்ஹவுட்டும் முன்வைத்தபோது அவர்கள் முதலில் தேடியது வட்டில் எழுதும் வேகம். அந்த முறை பிளாஷுக்கு வந்த பாதையில் முக்கியமான ஊர் ஸ்வீடனின் லுண்ட். அங்குள்ள ஆக்சிஸ், நெட்வொர்க் கேமரா செய்யும் நிறுவனம். கேமராவை யார் ஷட்டவுன் செய்கிறார்கள்? பிளக்கைப் பிடுங்குவார்கள். 1999இல் அவர்கள் தந்ததுதான் ஜேஎஃப்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை. 2001இல் ரெட் ஹேட்டின் டேவிட் வுட்ஹவுஸ் அதைத் திருத்தி எழுதினார். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பதிப்பு எண், ஒரு சரிபார்ப்பு எண். பாதியில் அறுந்த துண்டின் சரிபார்ப்பு எண் பொருந்தாது. அதைத் தள்ளிவிட்டால் முந்தைய பதிப்பே செல்லும். பழசான துண்டுகளைக் கழிக்கும்போது பெரும்பாலும் குப்பை சேர்ந்த பிளாக்கையே எடுக்கும். ஆனால் 100க்கு ஒருமுறை, சுத்தமான பிளாக்கையும் எடுத்து இடம் மாற்றும். எல்லா பிளாக்கும் ஒரே சீராகத் தேயட்டும் என்றுதான். வுட்ஹவுஸின் இந்த ஏற்பாட்டில் ஒரு வீட்டுக்காரரின் சிக்கனம் தெரிகிறது.

ஒரே குறை, பெட்டி உயிர்பெறும்போதெல்லாம் சில்லைத் துழாவியாக வேண்டும். சில்லு பெரிதாகப் பெரிதாகக் காத்திருப்பும் பெருகியது. 2008இல் நோக்கியாவும் ஹங்கேரியின் செகெத் பல்கலைக்கழகமும் சேர்ந்து தந்த யூபிஐஎஃப்எஸ், அட்டவணையையும் பிளாஷிலேயே வைத்து இதைத் தீர்த்தது. ஆனால் எழுதியதைக் கொஞ்ச நேரம் ராமில் வைத்திருக்கும். உடனே பிளாஷில் எழுதச் சொல்லும் எஃப்சிங்க் கட்டளையைக் கொடுக்காத நிரல் இழந்துதான் பாடம் கற்கும். இன்னொரு தொல்லையையும் அதை எழுதியவர்களே பதிவுசெய்திருக்கிறார்கள்: எழுதும் நொடியில் மின்சாரம் அறுந்தால் சில பிட்டுகள் ஒருமுறை 1 என்றும் மறுமுறை 0 என்றும் படிக்கப்படும்.

நான் அன்று கார்டைக் கழற்றிவிட்டு, ஒரு நார் (NOR) பிளாஷ் சில்லைப் பற்றவைத்து, கோப்பு முறைமையே இல்லாமல் சரிபார்ப்பு எண்ணோடு வரிசையாக எழுதினேன். மின்சாரத்தை வெட்டி வெட்டிச் சோதிக்க ஒரு ரிலே. முதல் ராத்திரியே 212ஆவது வெட்டில் என் நிரல் படுத்தது. ஆர்ம் நிறுவனத்திலிருந்து 2017இல் லிட்டில்எஃப்எஸ் வந்தபின் சொந்தச் சரக்கைக் கைவிட்டேன். அது கோப்பகத் தகவலை இரண்டு பிளாக்கில் மாறி மாறி எழுதும். ஒன்று கெட்டால் மற்றது இருக்கும். சில கிலோபைட் ராம் போதும்.

வெறும் நாண்ட் (NAND) சில்லும் லினக்ஸும் என்றால் யூபிஐஎஃப்எஸ், சிறு கன்ட்ரோலரும் நார் சில்லும் என்றால் லிட்டில்எஃப்எஸ். எஸ்டி கார்டின் உள்ளே இன்னொரு கன்ட்ரோலர் தன் போக்கில் பிளாக்குகளை இடம் மாற்றுகிறது. மேலே எதைப் போட்டாலும் அதன் புத்தி மாறாது. எதைத் தேர்ந்தாலும், எழுதிக்கொண்டிருக்கும்போதே ஆயிரம் தடவை வெட்டிப் பார்த்துவிட்டு ஆலைக்கு அனுப்புங்கள்.