வெட்டுப்பட்ட முகங்களின் விலை

புதுக்கோட்டை சமஸ்தானத்தில், ஆலங்குடிப் பக்கத்துக் கருக்காக்குறிச்சியில் 1898இல் கிடைத்த புதையலில் 501 காசுகள் இருந்தன. அத்தனையும் ரோமானியப் பொன். அகஸ்டஸ், திபேரியஸ், காலிகுலா, கிளாடியஸ், நீரோ என்று பேரரசர்கள் வரிசையாக முகம் காட்டினார்கள். காலத்தால் கடைசியில் நின்றவர் வெஸ்பாசியன். ஒரு காசு ஏறக்குறைய ஏழரை கிராம் என்றால், மொத்தம் மூன்றரைக் கிலோவுக்கு மேல் தங்கம். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் நாணயப் பிரிவில் பணியாற்றிய ஜி.எஃப். ஹில் அவற்றை ஆராய்ந்து ‘நியூமிஸ்மாட்டிக் கிரானிக்கிள்’ இதழில் எழுதினார். நாணயவியல் நூல்களில் ‘புதுக்கோட்டைப் புதையல்’ என்ற பெயர் நிலைத்தது அப்போதுதான்.

அந்தப் புதையலில் ஹில்லை நிறுத்தி வைத்தது பொன்னின் அளவு அல்ல. பத்துக்கு ஒன்பது காசுகளுக்கு மேல், மன்னரின் தலைமீது ஓர் ஆழமான வெட்டு விழுந்திருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அது தற்செயலான கீறல் இல்லை என்பது உடனே தெரிந்துவிடும். கூரான உளியையோ கத்தியையோ வைத்து ஒரே அடி. காது, கன்னம், கழுத்து என எங்காவது ஓரிடத்தில் பொன் பிளந்து, வெட்டின் இரு கரையிலும் உலோகம் லேசாக மேடிட்டு நிற்கும். குறி வைத்தது முகத்தைத்தான்.

யார் வெட்டினார்கள், எதற்காக? பொன் அசல்தானா என்று சோதிக்க வெட்டியிருந்தால் ஓரத்தில் ஒரு சிறு நகக்கீறல் அளவு போதுமே, முகத்தைப் பிளப்பானேன்? வேற்று நாட்டு அரசன் உருவம் இங்கே செல்லக்கூடாது என்று வெட்டினார்களா? கைமாறிக் கைமாறித் தேய்ந்து எடை குறைந்துவிட்ட காசுகளை இனி எண்ணிக் கொடுக்கக்கூடாது, நிறுத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று அடையாளமிட்டார்களா? புதுக்கோட்டைக் காசுகளில் பல நன்றாகத் தேய்ந்தவை என்பதால், மூன்றாவது விளக்கத்துக்கு வலு அதிகம். ஏதோ ஓர் அதிகாரம், ஒரு வணிகக்குழுவோ வேந்தனோ, “இது இனி நாணயம் அல்ல, வெறும் பொன்” என்று முடிவெடுத்திருக்கிறது. அந்த முடிவு எடுக்கப்பட்ட கணத்தின் தடயம் அந்த வெட்டு. முசிறித் துறைக்கு யவனர் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு பேசுகிறது. வந்த பொன் தமிழர் கையில் என்ன ஆயிற்று என்பதைக் கருக்காக்குறிச்சிக் காசுகள் சொல்கின்றன.

ரோமானியர் பக்கத்துக் கணக்கும் நம்மிடம் இருக்கிறது. இந்தியா ஆண்டுதோறும் ரோமிடமிருந்து 5 கோடி செஸ்டர்சைக் கறந்துவிடுகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி குறைபட்டுக்கொண்டார். ஒரு பொற்காசுக்கு 100 செஸ்டர்ஸ். ஆக, அவர் சொன்ன தொகை 5 லட்சம் பொற்காசுகள். கருக்காக்குறிச்சி மண் காத்து வைத்திருந்தது, பிளினியின் ஓராண்டுப் புலம்பலில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இதே காசுகளை இன்றைய ஏல அரங்கில் வைத்தால் என்ன நடக்கும்?

பழங்காசு வணிகம் இன்று ‘கிரேடு’ என்ற ஒற்றைச் சொல்லைச் சுற்றித்தான் ஓடுகிறது. வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் 1949இல் பழைய அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக 1 முதல் 70 வரை ஒரு அளவுகோல் வகுத்தார். அந்த எண்ணே விலையிலிருந்து பிறந்ததுதான். தேய்ந்து உருத்தெரியாத காசுக்கு ஒரு டாலர் என்றால், அச்சிலிருந்து அப்படியே இறங்கியதற்கு 70 டாலர் என்பது அவர் போட்ட கணக்கு. 1986இல் பி.சி.ஜி.எஸ்., அடுத்த ஆண்டு என்.ஜி.சி. என இரண்டு நிறுவனங்கள் தோன்றி, காசைப் பரிசோதித்து, எண்ணைக் குறித்து, பிளாஸ்டிக் பேழைக்குள் முத்திரையிட்டுத் தரத் தொடங்கின. ‘ஸ்லாப்’ என்று சேகரிப்பாளர்கள் சொல்வது இந்தப் பேழையைத்தான். அதன் பிறகு காசைக் கையில் எடுத்துப் பாராமலே தொலைபேசியில் ஏலம் கேட்க முடிந்தது. பணமும் வெள்ளமாக வந்தது.

வந்த வேகம் வியப்பூட்டுவது. 1794ஆம் ஆண்டின் அமெரிக்க வெள்ளி டாலர் ஒன்று 2013இல் ஒரு கோடி டாலருக்குப் போனது. 1933இல் அச்சிட்டு, வெளியிடாமலே உருக்கப்பட்ட ‘டபுள் ஈகிள்’ பொற்காசுகளில் தனியார் வைத்துக்கொள்ள அரசு அனுமதித்த ஒன்றே ஒன்று, 2002இல் 75 லட்சம் டாலரைத் தாண்டி விலைபோனது. அதே காசு 2021 ஜூனில் நியூயார்க் சோதபீஸ் ஏலத்தில் ஏறத்தாழ 1 கோடியே 89 லட்சம் டாலருக்கு விற்றது. இந்தியாவிலும் இந்தக் காற்று அடிக்கிறது. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் 1939ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய்க்கு மும்பை, பெங்களூரு ஏலங்களில் எப்போதும் போட்டிதான். தேய்மானமில்லாத காசுகளுக்குள்ளேயே 65ஆம் எண்ணுக்கும் 66ஆம் எண்ணுக்கும் வேறுபாடு சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. விலைக்கு மட்டும் நன்றாகத் தெரியும்.

பண்டைய காசுகளுக்கு என்.ஜி.சி. தேய்மானத்தோடு வேறு இரண்டையும் மதிப்பிடுகிறது. அச்சு விழுந்த நேர்த்திக்கு ஐந்துக்கு எத்தனை, மேற்பரப்பின் நிலைக்கு ஐந்துக்கு எத்தனை என்று பேழையிலேயே எழுதிவிடுவார்கள். முகத்தில் உளிவெட்டு விழுந்த நீரோவுக்கு மேற்பரப்பில் ஐந்துக்கு ஐந்து கிடைக்காது. வெட்டில்லாத, தேயாத நீரோ பல லட்சம் ரூபாய்க்குப் போகும்போது வெட்டுப்பட்டவர் பின்வரிசையில்தான் நிற்பார். தமிழ் மண்ணில் புழங்கினேன் என்று காசு தானே சொல்லும் சான்று எதுவோ, அதைத்தான் சந்தை குறை என்று கழிக்கிறது. வரலாற்றில் அக்கறை உள்ள எவருக்கும் இது வலிக்க வேண்டும்.

புதுக்கோட்டைக்குச் சொந்தக் காசும் உண்டு. சமஸ்தானத்தை ஆண்ட தொண்டைமான்களின் அம்மன் காசு. ஒரு பக்கம் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள் அமர்ந்திருப்பாள். மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’. சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய இந்தச் செப்புக்காசு அணாவில் இருபதில் ஒரு பங்கு. ரூபாய்க்கு 320 காசு. துறவி சதாசிவப் பிரம்மேந்திரர் மணலில் எழுதிக் காட்டிய உபதேசத்தை, அந்த மணலோடு அள்ளிக்கொண்டு வந்தார் விஜய ரகுநாதராயத் தொண்டைமான் என்றும், நவராத்திரி விழாவும் அம்மன் காசும் அதையொட்டித் தொடங்கின என்றும் ஊர் மரபு சொல்கிறது. அந்த நிகழ்வுக்கு 1738 என்று ஆண்டும் குறிப்பார்கள். அரசர்கள் தங்களைப் ‘பிரகதாம்பா தாஸ்’ என்று எழுதிக்கொண்ட சமஸ்தானம் இது. காசில் அரசன் தலை இல்லை, அம்மன்தான் இருந்தாள் என்பதில் வியப்பில்லை.

நவராத்திரி நாட்களில் ஏழைகளுக்கு அரிசியோடு இந்தக் காசையும் கொடுத்தார்கள். வாங்கியவர் அதைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பாரா? அன்றைக்கே உப்பு, புளி, வெற்றிலை என்று சந்தைக்குப் போயிருக்கும். சந்தையிலிருந்து உண்டியலுக்கு, உண்டியலிலிருந்து மீண்டும் சந்தைக்கு. மடியில் முடிந்து, வியர்வையில் கறுத்து, அம்மனின் முகம் மழுங்கும்வரை அது உழைத்தது. தொடக்கத்தில் கையால் அடிக்கப்பட்ட காசு, திவான் சேஷையா சாஸ்திரி ஆண்ட 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இயந்திர அச்சுக்கு மாறி ஒழுங்கான வட்டமாயிற்று. 1948 மார்ச் 3ஆம் தேதி சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்ததோடு அதன் ஆட்டம் முடிந்தது.

செப்புக் காசுக்குத் தர நிறுவனங்கள் நிறத்தையும் பார்க்கும். அச்சிட்ட நாளின் சிவப்பு மாறாதது ‘ரெட்’, பாதி மாறியது ‘ரெட்-பிரவுன்’, முழுக்கக் கறுத்தது ‘பிரவுன்’. புழங்கவே புழங்காத ‘ரெட்’ அம்மன் காசுக்குச் சேகரிப்பாளர் கூடுதலாகக் கொடுப்பது நியாயமே. அது அரிது. ஆனால் பெரும்பாலான அம்மன் காசுகள் பழுப்பேறியவை, ஏராளமாகக் கிடைப்பவை, மலிவானவை. ‘உங்கள் வீட்டில் இந்தக் காசு இருக்கிறதா, லட்சங்கள் உங்களுக்கே’ என்று வீடியோ போடுபவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை. பழைய காசையும் நோட்டையும் வாங்குவதாகத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணமும் கமிஷனும் வரியும் கேட்கிறார்கள், ஏமாற வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளிப்படையாகவே எச்சரித்தது. காசை வாங்க வருகிறவன் உங்களிடமே முன்பணம் கேட்டால், அங்கே வாங்குபவன் எவனும் இல்லை என்று அர்த்தம்.

விலை ஏறுவதில் தவறில்லை. ஏறும் விலை ஒரு காசை உருக்கும் உலைக்குப் போகாமல் காக்கவும் கூடும். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. ஒரு புதையலின் செய்தி தனிக் காசில் இல்லை, கூட்டத்தில் இருக்கிறது. 501 காசும் ஒன்றாக எண்ணப்பட்டதால்தான் எத்தனை வெட்டுப்பட்டவை, எந்த மன்னர் காலத்தோடு வரிசை நிற்கிறது, ஏறக்குறைய எப்போது புதைத்திருப்பார்கள் என்று சொல்ல முடிந்தது. நல்ல காசாகச் சிலவற்றைப் பொறுக்கி எடுத்து ஐந்து ஊர்களில் விற்றிருந்தால், அவை வெட்டில்லாதவையாகத்தான் இருந்திருக்கும். தமிழகத்தில் ரோமானியப் பொன் வெட்டுப்பட்டது என்ற உண்மையே மங்கிப்போயிருக்கும்.

ஏல அரங்கும் இதைத் தாமதமாகக் கற்றுக்கொண்டு வருகிறது. ஜூலியஸ் சீசரைக் கொன்ற புரூட்டஸ் அந்தக் கொலையைக் கொண்டாடி வெளியிட்ட பொற்காசு ஒன்று 2020 அக்டோபரில் லண்டனில் 30 லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோய்ப் பண்டைய காசுகளில் சாதனை படைத்தது. தரம் அபாரம். ஆனால் அது யாரிடமிருந்து வந்தது என்று காட்டிய வரலாறு பொய் என்று தெரியவந்தது. காசு 2023இல் கிரேக்கத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டது.

எதிர்ப்பக்கத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு தமிழ்நாட்டிலேயே உண்டு. ‘தினமலர்’ ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, 1980களில் ஒரு சிறு செப்புக் காசில் தமிழ் பிராமி எழுத்தில் ‘பெருவழுதி’ என்ற பெயரைப் படித்தார். சங்க இலக்கியத்தில் மட்டும் கேட்ட பாண்டியர் பெயர் உலோகத்தில் கிடைத்தது. எந்த ஸ்லாபிலும் உயர்ந்த எண் வாங்கக்கூடிய காசல்ல அது. சங்ககால மன்னர்கள் சொந்தமாக நாணயம் வெளியிட்டார்களா என்ற பழைய வாதத்தை அது திருப்பிப் போட்டது.

சட்டம் இதில் பாதி வழிதான் வருகிறது. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதை மண்ணில் கண்டெடுத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், சிறையும் உண்டு. நல்ல விதி. ஆனால் அரசு புதையலைத் தனக்கென எடுத்துக்கொள்ளும்போது, மூலப்பொருளின் விலையோடு அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்று அதே சட்டம் வகுத்தது. ஏழரை கிராம் பொன்னுக்குப் பொன் விலையும் 20 சதவீதமும். சந்தையிலோ அதே காசுக்குப் பல மடங்கு. கண்டெடுத்த விவசாயி எந்தப் பக்கம் சாய்வார் என்று கேட்டு அவரைக் குற்றவாளியாக்குவதில் பொருளில்லை. காசைக் காசாக மதித்து விலை கொடுக்கும்படி விதியை மாற்ற வேண்டியது அரசு.

நூறு ஆண்டைக் கடந்த காசு 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. கருக்காக்குறிச்சிக் காசுகள் கிடைத்தது அந்தக் காவல் இல்லாத காலத்தில். அந்தப் பொன்னில் சிலவற்றை இன்றும் பார்க்க லண்டனுக்குத்தான் போக வேண்டும். புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம் 1910இல்தான் திறக்கப்பட்டது, புதையல் கிடைத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து. அது இருப்பதும் அம்மன் காசின் தாய்வீடான திருக்கோகர்ணத்தில். வெட்டுப்பட்ட அந்த முகங்களின் அச்செடுத்த நகல்களையாவது அங்கே வரிசையாக வைத்து, கருக்காக்குறிச்சிப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவந்து காட்ட வேண்டும்.

பொற்பனைக்கோட்டையில் அண்மையில் நடந்த அகழாய்வு, இந்த மாவட்டத்து மண் இன்னும் பேசி முடிக்கவில்லை என்று காட்டியிருக்கிறது. இனி உழும்போதோ வாய்க்கால் வெட்டும்போதோ ஒரு காசு தட்டுப்பட்டால், புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்க வேண்டாம். பாசி படிந்திருந்தால் அப்படியே இருக்கட்டும். கிடைத்த இடத்தை, ஆழத்தை, கூட இருந்த பானை ஓட்டைச் சேர்த்து செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் போகலாம், அல்லது நேராகத் திருக்கோகர்ணத்துக்கே போகலாம்.