தலைமன்னார் வழி வந்த இரு மொழிகள்

தலைமன்னார் இறங்குதுறையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கப்பலையும் புகையிரதத்தையும் பற்றியே எழுதுவர். அவ்வழியே வந்த மொழியைப் பற்றி எழுதியோர் குறைவு.

19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்களில் பெருந்தொகையினர் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடாக மாத்தளை வரை 200 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரத்தை நடந்தே கடந்தனர். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே மாண்டவர் பலர். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. நடைப்பயணம் போய்ப் புகையிரதப் பயணம் வந்தது.

அதே 1914இல் மலையகத்தின் மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. கங்காணிக் குடும்பத்துப் பிள்ளையாதலால், லயன் அறைகளில் வளர்ந்தோருக்கு எட்டாத ஆங்கிலக் கல்வி அவருக்கு வாய்த்தது. துரையின் மொழி ஆங்கிலம். பெரட்டுக் களத்திலும் கொழுந்து மலையிலும் ஒலித்தது தமிழ். இவ்விரண்டுக்கும் இடையில் நின்ற அவர், தம் மக்களின் துயரத்தை முதலில் ஆங்கிலக் கவிதையாகவே எழுதினார். இது தாய்மொழியைத் துறந்த செயலெனச் சிலர் கருதலாம். நான் அவ்வாறு கருதவில்லை. குற்றம் சாட்டப்பட வேண்டியவர் வாசிக்கும் மொழியிலேயே குற்றப்பத்திரிகை எழுதப்பட வேண்டும். அக்கவிதை நூல் சக்தீ அ. பாலஐயாவின் மொழிபெயர்ப்பில் 'தேயிலைத் தோட்டத்திலே' என்று 1969இல் தமிழுக்கு வந்தது.

1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து அவர் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இந்நாட்டில் பிறந்தது மட்டும் போதாது. தந்தையோ, அன்றேல் பாட்டனும் பூட்டனுமோ இங்கு பிறந்ததை நிரூபிக்க வேண்டும் என்றது அச்சட்டம். பிறப்புப் பதிவே அரிதாயிருந்த தோட்டங்களில் அத்தகைய சான்றுக்கு எங்கே போவது? 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு சமூகம், சட்டத்தின் ஏட்டில் மீண்டும் குடிவந்தோராயிற்று. பின்னாளில் தமிழில் வெளிவந்த அவரது நாவலொன்றின் பெயர் 'வீடற்றவன்'.

1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பேசித் தீர்க்கப்பட வேண்டிய கணக்காயினர். பாட்டன்மார் வந்திறங்கிய தலைமன்னாரிலிருந்தே பேரப்பிள்ளைகள் கப்பலேறினர். அவர்களில் பலர் இராமேஸ்வரத்தை அதற்கு முன் கண்டதேயில்லை. 'தாயகம் திரும்பியோர்' என்று அரசாங்கங்கள் அவர்களை அழைத்தன.

அந்தக் கலைவின் காலத்திலேயே வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைத் தேடித் தொகுத்துக்கொண்டிருந்தார். பாடியவர்கள் கப்பலேறினால் பாடல்களும் போய்விடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் நூலாயிற்று. ஆங்கிலத்தில் தொடங்கியவரின் இறுதிக்காலப் பெரும்பணி, எழுதத் தெரியாதவர்களின் தமிழை எழுத்தாக்கியதே. 1984இல் அவர் மறைந்தார். தலைமன்னார்க் கப்பல் சேவையும் போரினால் அதே ஆண்டில் நின்றது.

2023இல், மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மீண்டும் நடந்தார்கள். முன்னோர் நடந்த வழியெங்கும் புதைகுழிகளுக்கு அடையாளமில்லை. அவர்கள் சுமந்துவந்த பாட்டுகளுக்கேனும் ஒரு புத்தகம் இருக்கிறது.