திரைக்குப் பின்னால் ஒரு மாயக்காரர்

கெடா மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களில், திடலில் வெண்திரை கட்டிப் படம் காட்டிய காலம் ஒன்றிருந்தது. பால்மரத் தொழிலாளர்க்கு அது திருவிழா. அன்று மக்கள் வியந்து போற்றிய புராணப் படங்களின் தந்திரக் காட்சிகளுக்கு, 1957இல் சென்னையில் உருவான ‘மாயா பஜார்’ தலைசிறந்த சான்றாகும்.

கடோத்கசனாக எஸ். வி. ரங்காராவ் அமர, விருந்துப் பண்டங்கள் தாமே பறந்து அவன் வாய்க்குள் புகும். கணினி வழங்காத அக்காலத்தில், ஒளியையும் படக்கருவியையும் துணைக்கொண்டு இத்தகைய விந்தைகளைப் படம்பிடித்தவர் ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி. வானத்து மதியை நம்பாமல் நிலவொளியைப் படைத்துக் காட்டியவரும் அவரே. ‘பாதாள பைரவி’ (1951), ‘செம்மீன்’ (1965) ஆகியனவும் அவர் கைவண்ணமே.

நடிகர் பெயரைத் தோட்டத்துச் சிறுவரும் அறிந்திருந்தனர். பார்ட்லியின் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே. தந்திரம் புலப்படாமையே அக்கலையின் வெற்றி. அவ்வெற்றியே கலைஞரையும் மறைத்துவிடுகிறது. அங்ஙனம் மறைந்தோரை மாணவர்க்கு அறிமுகப்படுத்துதல் ஆசிரியர் கடனன்றோ?