பகலில் குமாஸ்தா, இரவில் நடிகர்



பழைய சினிமா பற்றியும் எழுதுங்கள் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இன்று அயர்லாந்து நாட்டின் குணச்சித்திர நடிகர் பேரி ஃபிட்ஸ்ஜெரால்டைப் பற்றி எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம்தான். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் கட்டாயம் கடைசிவரை படியுங்கள்.

அவருடைய இயற்பெயர் வில்லியம் ஜோசப் ஷீல்ட்ஸ். 1888இல் டப்ளினில் பிறந்தார். அயர்லாந்து அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. படிப்பு முடிந்ததும் அரசாங்க உத்தியோகத்தில் சேர்ந்தார். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் மாலையானால் அவர் கால்கள் ஆபி தியேட்டரை நோக்கித்தான் போகும். 1904இல் தொடங்கப்பட்ட அந்த நாடக அரங்கு, ஐரிஷ் மக்களின் வாழ்க்கையை அவர்கள் பேச்சிலேயே மேடையேற்றிய இடம். மேலதிகாரிகளின் கண்ணில் படாமலிருக்க அவர் வைத்துக்கொண்ட பெயர்தான் பேரி ஃபிட்ஸ்ஜெரால்ட்.

முதலில் கிடைத்தவை எல்லாம் துக்கடா வேடங்கள். நாலே வார்த்தை வசனம் கொண்ட ஒரு வேடத்தில் எழுத்துகளை மாற்றி உளறிவிட்டார். அரங்கமே சிரித்தது. சிரிப்பு வேடம்தான் நமக்கு என்று அன்றே தெரிந்துகொண்டதாகப் பின்னாளில் அவரே சொல்வார்.

திருப்பம் 1924இல் வந்தது. ஷான் ஓகேசி எழுதிய 'ஜூனோ அண்ட் தி பேகாக்' நாடகத்தில் கேப்டன் பாயில் வேடம் கிடைத்தது. வேலை என்ற பேச்சை எடுத்தாலே காலில் வலி வந்துவிடும் சோம்பேறிக் குடும்பத் தலைவன். வாயைத் திறந்தால் கப்பலில் உலகம் சுற்றிய பெருமை. மக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் அந்தக் குடும்பம் கண்முன்னே சிதைவதைப் பார்க்கும்போது அதே சிரிப்பு தொண்டையில் அடைக்கும். சிரிக்க வைத்துக்கொண்டே மனத்தைக் கனக்கச் செய்வதுதான் ஃபிட்ஸ்ஜெரால்டின் கலை.

இந்த இடத்தில் அவருடைய தம்பியைச் சொல்லியாக வேண்டும். ஆர்தர் ஷீல்ட்ஸும் ஆபி நடிகர்தான். 1916 ஈஸ்டர் எழுச்சியில் துப்பாக்கி ஏந்திப் போரிட்டு, வேல்ஸில் உள்ள முகாமில் சிறைவைக்கப்பட்டவர். பத்து வருடம் கழித்து, 1926இல், அந்த எழுச்சியைப் பற்றி ஓகேசி எழுதிய 'தி ப்ளவ் அண்ட் தி ஸ்டார்ஸ்' மேடையேறியது. புரட்சிக் கொடியை மதுக்கடைக்குள் கொண்டுவரும் காட்சி பலரைக் கொதிக்க வைத்தது. கூச்சலிட்டவர்களில் எழுச்சியில் உறவுகளைப் பறிகொடுத்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் வேதனையும் உண்மையானதுதான். சிலர் மேடையிலேயே ஏறிவிட்டார்கள். அப்படி ஏறிய ஒருவருக்கு ஃபிட்ஸ்ஜெரால்ட் ஒரு குத்து விட்டாராம். அதே நாடகத்தில் ஆர்தரும் நடித்தார் என்பதுதான் என்னை யோசிக்க வைப்பது. தியாகிகளை அவமதிக்கும் நாடகம் என்று கீழிருந்தவர்கள் கத்தினார்கள். மேடையில் நடித்தவர்களில் ஒருவரோ அந்தப் போரிலேயே இருந்தவர்! வரலாறு நாம் போடும் கட்டங்களுக்குள் அடங்குவதில்லை, பிள்ளைகளே.

இவ்வளவு புகழ் வந்த பிறகும் அவர் பகலில் குமாஸ்தாதான். 1929இல், 41ஆவது வயதில்தான் வேலையை விட்டார். லண்டனில் ஓகேசியின் 'தி சில்வர் டாஸி' நாடகத்தில் நடிக்கப் போனார். 1936இல் இயக்குநர் ஜான் ஃபோர்ட், 'ப்ளவ்' நாடகத்தைப் படமாக்க அண்ணன் தம்பி இருவரையும் ஹாலிவுட்டுக்கு அழைத்தார். அந்தப் படத்தில் எழுச்சியின் தலைவர் பியர்ஸாக நடித்தவர் ஆர்தர்! 1941இல் வந்த 'ஹவ் கிரீன் வாஸ் மை வேலி'யிலும் இருவரும் உண்டு.

1944இல் 'கோயிங் மை வே'. கதாநாயகன் பிங் கிராஸ்பி. ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு முரட்டுப் பிடிவாதமும் குழந்தை மனமும் கொண்ட முதிய கத்தோலிக்கப் பாதிரியார் வேடம். நிஜத்தில் அவர் புராட்டஸ்டண்ட் குடும்பத்தவர். இந்த ஒரே வேடத்துக்காக அவர் பெயர் சிறந்த நடிகர், சிறந்த துணை நடிகர் என்ற இரண்டு ஆஸ்கர் பட்டியலிலும் வந்துவிட்டது! துணை நடிகர் விருது அவருக்கு, நடிகர் விருது கிராஸ்பிக்கு. இனி இப்படி நேராதபடி விதியையே மாற்றினார்கள். போர்க்கால உலோகத் தட்டுப்பாட்டால் அந்த வருடச் சிலை வெறும் பிளாஸ்டர். வீட்டில் கோல்ஃப் மட்டையைச் சுழற்றியபோது சிலையின் தலையை அவரே உடைத்துவிட்டார்.

1952இல் 'தி கொயட் மேன்'. அதில் கல்யாணத் தரகரும் வண்டிக்காரருமாக வந்து, ஜான் வேய்ன் பக்கத்தில் நிற்கும்போதே நம் பார்வையைத் தன் பக்கம் இழுத்துவிடுவார். ஆர்தர் அதில் புராட்டஸ்டண்ட் பாதிரியார். 1961இல், பிறந்த டப்ளினிலேயே பேரி காலமானார்.

கதாநாயகனாக வளையவரும் அழகும் உயரமும் அவருக்கு இல்லை. முழுநேர நடிகரானபோது வயது 41, முதல் ஹாலிவுட் படத்தின்போது 48, ஆஸ்கர் வாங்கியபோது 57. "இனிமேல் என்ன சார்" என்று என்னிடம் போனில் சலித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்காகத்தான் இந்தக் கணக்கு. வேலையை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. அவரும் அவசரப்பட்டு விடவில்லையே! மாலை நேரத்தை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றிக்கொண்டார். நீங்களும் அதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்