டிஷ் வாத்தியாரின் பரம்பரை

டெக்சாஸ் பல்கலைக்கழக பேஸ்பால் அணிக்கு 1911 முதல் 2016 வரை ஐந்தே பயிற்சியாளர்கள். அதிலும் பிளேர் செர்ரி என்பவர் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1943 முதல் 1945 வரை, பொறுப்பைப் பார்த்துக்கொண்டவர். அவரை விட்டால் மிச்சம் நாலு பேர்: பில்லி டிஷ், பிப் ஃபால்க், கிளிஃப் கஸ்டாஃப்சன், ஆகி காரிடோ. நூறு வருஷத்துக்கு நாலு வாத்தியார்.

நான் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். மகளும் மாப்பிள்ளையும் ஆஸ்டினில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் வந்து தங்கும்போதெல்லாம் இந்த அணியின் டிஷ்-ஃபால்க் மைதானத்துக்கு ஆட்டம் பார்க்கப் போவோம். எனக்கு ஆட்டத்தைவிட டக்அவுட்டில் நிற்கும் பயிற்சியாளர்மேல்தான் கண். தப்பு செய்துவிட்டு பையன் திரும்பி வரும்போது அவர் கத்துகிறாரா, பேசாமல் இருக்கிறாரா, தோளில் கை வைக்கிறாரா என்று பார்ப்பேன். மைதானத்தின் பெயரில் இருக்கும் அந்த இருவர் யார் என்று விசாரிக்கப் போய்த்தான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது.

டிஷ் முதலில் அதே ஊரில் உள்ள செயின்ட் எட்வர்ட்ஸ் கல்லூரியில் பயிற்சி கொடுத்தவர். 1911-ல் பல்கலைக்கழகத்துக்கு வந்து 1939 வரை இருந்தார். ‘அங்கிள் பில்லி’ என்றுதான் அவருக்குப் பெயர். சவுத்வெஸ்ட் கூட்டமைப்பின் போட்டிகள் 1915-ல் தொடங்கின. அவர் ஓய்வு பெறுவதற்குள் அதில் 20 பட்டங்களை டெக்சாஸ் வாங்கிவிட்டது.

அவர் காலத்தில் 1928-ல் திறந்த கிளார்க் ஃபீல்டு மைதானத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பந்து அடிக்கும் இடத்திலிருந்து நேரே பார்த்தால், மைதானத்தின் கடைசியில், சென்டர் ஃபீல்டில், சுண்ணாம்புக் கல் பாறை செங்குத்தாக நிற்கும். வேலிக்கு வெளியே இல்லை, ஆடுகளத்துக்கு உள்ளேயே. சுமார் 12 அடி உயரம். அதற்கு மேலே இன்னும் கொஞ்சம் தரை, அதற்கு அப்புறம்தான் வேலி. பாறையில் ஏற ஒரு ஒற்றையடிப் பாதை உண்டு. ஊர்க்காரர்கள் அதை வெள்ளாட்டுக் குன்று என்றார்கள். பந்து பாறைக்கு மேலே போனால் ஃபீல்டர் அந்தப் பாதையில் ஏறி ஓடிப் பந்தை எடுக்க வேண்டும்; அதற்குள் அடித்தவன் எல்லா பேஸையும் சுற்றி வந்துவிடலாம். அப்படியானால் ஃபீல்டர் கீழே நிற்பதா, மேலே நிற்பதா? யார் பேட் பிடிக்கிறான் என்பதைப் பொறுத்தது அது. எவன் எவ்வளவு தூரம் அடிப்பான், பாறையில் பட்ட பந்து எப்படித் தெறிக்கும் என்பதெல்லாம் வருஷக்கணக்காக அந்தத் தரையில் நின்றவருக்குத்தான் தெரியும். வெளியூர் அணிக்கு அதைச் சொல்லித்தர ஆள் கிடையாது. ஒரே மைதானத்தில் ஒரே வாத்தியார் நிலைத்திருப்பதன் பலன் என்னவென்று நேரில் காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

டிஷ்ஷின் மாணவர் பிப் ஃபால்க். ஆஸ்டினிலேயே 1899-ல் பிறந்தவர். கல்லூரியிலிருந்து நேராக 1920-ல் சிகாகோ வைட் சாக்ஸ் அணிக்குப் போனார். அப்போதுதான் அந்த அணியில் பூகம்பம் வெடித்தது. பணம் வாங்கிக்கொண்டு 1919 உலகத் தொடரில் தோற்றார்கள் என்று எட்டு பேர்மேல் குற்றச்சாட்டு. எட்டு பேரும் வெளியே. அவர்களில் ஒருவர் அமெரிக்காவே கொண்டாடிய ஜோ ஜாக்சன். அவர் நின்ற லெஃப்ட் ஃபீல்டில் போய் நிற்கும்படி 21 வயது ஃபால்க்கிடம் சொன்னார்கள். நின்றார். பெரிய லீக்கில் 12 சீசன் ஆடி, மொத்தத்தில் .314 சராசரியோடு வெளியே வந்தார். பத்து முறை அடிக்கப் போனால் மூன்று முறை ஹிட் எடுப்பவனையே நல்ல பேட்டர் என்று சொல்லும் ஆட்டம் இது.

1940-ல் தன் வாத்தியாரின் இடத்துக்கு வந்தார் ஃபால்க். போருக்குப் போய்த் திரும்பி, 1946 முதல் 1967 வரை மறுபடியும் அதே வேலை. கல்லூரி அணிகளுக்கான தேசியப் போட்டியான காலேஜ் வேர்ல்ட் சீரிஸ் 1947-ல்தான் தொடங்கியது. 1949-ல் விச்சிட்டாவில் நடந்ததை ஃபால்க்கின் அணி ஜெயித்தது. அடுத்த வருஷம் போட்டி நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரத்துக்கு மாறியது. இன்றுவரை அங்கேதான் நடக்கிறது. அங்கே நடந்த முதல் போட்டியையும் டெக்சாஸே ஜெயித்தது. அடுத்தடுத்து இரண்டு வருஷம் பட்டம் வாங்கிய முதல் அணி அதுதான்.

ஃபால்க்கிடம் ஆடி 1952-ல் ஒமாஹா போனவர்களில் ஒருவர் கிளிஃப் கஸ்டாஃப்சன். படிப்பு முடித்து அவர் பள்ளிக்கூட வேலைக்குப் போனார். சவுத் சான் அன்டோனியோ உயர்நிலைப் பள்ளியில் பயிற்சியாளர்; மாநிலப் பட்டத்தைத் திரும்பத் திரும்ப வாங்கிக் கொடுத்தவர். ஃபால்க் ஓய்வு பெற்றதும் பல்கலைக்கழகம் தேடிப் பிடித்தது அந்தப் பள்ளிக்கூட வாத்தியாரை. இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு பள்ளிக்கூடத்து ஆளை நம்பி அவ்வளவு பெரிய பொறுப்பைக் கொடுத்தார்களே! 1968 முதல் 1996 வரை 29 சீசன், 1,427 வெற்றி, 373 தோல்வி. ஒமாஹாவுக்கு 17 முறை போய் 1975-லும் 1983-லும் பட்டம். 1983 அணியில்தான் பிட்சர் ரோஜர் கிளெமென்ஸ் இருந்தார்.

கிளார்க் ஃபீல்டு 1974-ஓடு முடிந்தது. பாறை நின்ற இடத்துப் பக்கம் இப்போது பாஸ் கச்சேரி அரங்கம் இருக்கிறது. நெடுஞ்சாலைக்குக் கிழக்கே செயற்கைப் புல் போட்டுப் புது மைதானம் கட்டி, 1975-ல் திறந்து, வாத்தியார் பெயரையும் மாணவர் பெயரையும் சேர்த்து வைத்தார்கள். ஃபால்க் அப்போது உயிரோடு இருந்தார். 1989 வரை இருந்தார். மூன்றாவது தலைமுறை மாணவரான கஸ்டாஃப்சன், மைதானம் திறந்த வருஷமே தேசியப் பட்டம் வாங்கியதையும் பார்த்துவிட்டார்.

இவர்கள் எப்படி இத்தனை காலம் நின்றார்கள்? கல்லூரி பேஸ்பாலில் ரொம்ப நாள் காசு கிடையாது. பல்கலைக்கழகங்கள் அமெரிக்கக் கால்பந்துக்கும் பாஸ்கெட்பாலுக்கும்தான் அள்ளிக் கொடுத்தன. தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ராட் டீடோ 1942 முதல் 1986 வரை பயிற்சி கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டது வருஷத்துக்கு 1 டாலர். லாரி கம்பெனி வைத்திருந்தார், அதில் சோறு. அந்த 1 டாலர் மனிதர் 11 தேசியப் பட்டங்கள் வாங்கினார். அதில் 1970 முதல் 1974 வரை தொடர்ந்து ஐந்து. மயாமியில் ரான் ஃப்ரேசர் 1963 முதல் 1992 வரை இருந்தவர். அணியை நடத்தப் பணம் வேண்டுமென்று மைதானத்தின் நடுவிலேயே மேஜை போட்டு, சாப்பாடு ஒன்றுக்கு 5,000 டாலர் என்று பணக்காரர்களுக்கு விருந்து வைத்தார். நானும் ஊரில் கிரிக்கெட் பேட்டுக்காகக் கடை கடையாக ஏறி இறங்கியவன், ஃப்ரேசரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இன்னொரு சங்கடம் 1965-ல் வந்தது. தொழில்முறை அணிகள் ஆண்டுக்கு ஒருமுறை ஆள் எடுக்கும் முறை தொடங்கியது. நாலு வருஷக் கல்லூரியில் மூன்றாம் வருஷம் முடித்தவனையோ 21 வயது ஆனவனையோ அவர்கள் கூட்டிக்கொண்டு போகலாம். தேறி வந்த பையன் தேறியவுடன் போய்விடுவான். உபகாரச் சம்பளம் பிரிப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. 1990-களிலிருந்து 2025 வரை பெரிய கல்லூரிகளுக்கே மொத்தம் 11.7 முழு உபகாரச் சம்பளம்தான் அனுமதி. முப்பது பையன்களுக்கு அதைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒருவனுக்குக் கால்வாசி, இன்னொருவனுக்குப் பாதி, வேறொருவனுக்கு ஒன்றும் இல்லை. அவன் அப்பா அம்மா முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டியவரும் பயிற்சியாளர்தான். ஒவ்வொரு கோடைக்கும் அணி கலைந்துபோக, ஒவ்வொரு குளிருக்கும் புதுசாகக் கட்டிய வேலை இது. முப்பது தடவை, நாற்பது தடவை.

வெற்றிக் கணக்கு ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குப் போனது. டீடோவின் 1,332-ஐ 1994-ல் கஸ்டாஃப்சன் தாண்டினார். கஸ்டாஃப்சனை 2003-ல் தாண்டியவர் அவருக்குப் பின் அதே நாற்காலிக்கு வந்த காரிடோ. காரிடோ 1,975-ல் நின்றார். 2018 மார்ச்சில் அவர் காலமாக, மே மாதம் அந்தக் கணக்கையும் ஃப்ளோரிடா ஸ்டேட்டின் மைக் மார்ட்டின் கடந்தார். 1980 முதல் 2019 வரை 40 சீசன், 2,029 வெற்றி. அந்த 40 அணிகளும், ஒன்றுகூடத் தவறாமல், தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்றன. 17 முறை ஒமாஹா. பட்டம் மட்டும் ஒருமுறையும் கிடைக்கவில்லை. இவர்கள் எல்லாரிலும் பெரியவர் யார் என்று கேட்டால் நான் மார்ட்டினைச் சொல்வேன். கடைசி ஆட்டத்தில் தோற்றுத் திரும்பி வந்து, அடுத்த குளிர்காலத்தில் புதுப் பையன்களுக்குப் பந்தைப் பிடிக்கும் விதத்தை முதலிலிருந்து சொல்லிக்கொடுத்த மனுஷன். பட்டம் வாங்கியவரால் அதைச் செய்ய முடிவது எனக்கு ஆச்சரியமில்லை.

கஸ்டாஃப்சன் 1996-ல் விலகியபோது சூழ்நிலை நன்றாக இல்லை. அவர் நடத்திய கோடைப் பயிற்சி முகாமின் பணக் கணக்கு பற்றி விசாரணை நடந்துகொண்டிருந்தது. அத்தோடு பரம்பரை அறுந்தது. காரிடோ டிஷ்ஷுக்கோ ஃபால்க்குக்கோ மாணவர் வழி அல்ல. கலிஃபோர்னியாக்காரர், அங்கே ஃபுல்லர்டன் பல்கலைக்கழகத்தில் மூன்று தேசியப் பட்டம் வாங்கிவிட்டு வந்தவர். இங்கே 2002-லும் 2005-லும் இரண்டு வாங்கினார். கல்லூரியில் பேஸ்பால் ஆடிய சினிமா இயக்குநர் ரிச்சர்ட் லிங்க்லேட்டர் அவரைப் பற்றி ஆவணப்படமே எடுத்தார்.

காரிடோ என்றால் டிஷ்-ஃபால்க்கில் எல்லாரும் சொல்வது 2009 மே 30 ஆட்டத்தை. எதிரணி பாஸ்டன் காலேஜ். வழக்கமாக 9 இன்னிங்ஸில் முடிய வேண்டியது அன்று 25 இன்னிங்ஸ் போனது. சாயங்காலம் 6 மணிக்கு ஆரம்பித்து நள்ளிரவு 1 மணிக்கு மேல் டெக்சாஸ் 3-2 என்று ஜெயித்தது. நடுவில் இறங்கிய பிட்சர் ஆஸ்டின் வுட், ஓரிரு இன்னிங்ஸுக்கு வர வேண்டிய ஆள், 13 இன்னிங்ஸ் வீசினார், 169 பந்து. அதில் முதல் 12 இன்னிங்ஸுக்கும் மேலாக ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. முந்தின நாளும் வீசியிருந்தார். மாப்பிள்ளை இதைச் சொல்லும்போது அவர் குரலே மாறும். எனக்கு அந்தப் பிட்சரை நினைத்தால் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நூறு பந்து தாண்டியதும் நான் அந்தப் பையனை வெளியே கூப்பிட்டிருப்பேன். ‘முடியும் சார்’ என்றுதான் எந்தப் பையனும் சொல்வான். போதும்டா என்று சொல்ல வேண்டியது வாத்தியார் வேலை. இதில் காரிடோவோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

காரிடோ 2016-ல் போனார். அவருக்குப் பின் வந்த டேவிட் பியர்ஸ் எட்டு சீசனில் மாற்றப்பட்டார். 2024 ஜூனில், டெக்சாஸின் பரம எதிரியான டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணி ஒமாஹாவில் இறுதிப் போட்டி ஆடித் தோற்ற மறுநாளே, அதன் பயிற்சியாளர் ஜிம் ஷ்லாஸ்நேகல் ஆஸ்டினுக்கு வந்துவிட்டார். இப்போது காசு வந்துவிட்டது. 11.7 என்ற வரம்பும் 2025-ல் போய், பெரிய கல்லூரிகளில் 34 பேர் வரை அணி என்று ஆகிவிட்டது. பையன்களும் 2021 முதல் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறி உடனே ஆடலாம். பையனும் நிற்பதில்லை, வாத்தியாரும் நிற்பதில்லை. வர்ஜீனியாவில் 22 சீசன் இருந்த பிரையன் ஓ’கானர்கூட 2025-ல் மிசிசிப்பி ஸ்டேட்டுக்குப் போய்விட்டார்.

“இனிமே யாரும் ஒரே இடத்துல முப்பது வருஷம் இருக்க மாட்டாங்க மாமா” என்கிறார் மாப்பிள்ளை. நான் ஒத்துக்கொள்ளவில்லை. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 2003 சீசனிலிருந்து டிம் கோர்பின் இருக்கிறார். இரண்டு தேசியப் பட்டம் வாங்கியவர், 2025 சீசனிலும் அவர்தான். டெக்சாஸ் 2024-ல் வாண்டர்பில்ட் இருக்கும் அதே எஸ்.இ.சி. கூட்டமைப்பில் சேர்ந்துவிட்டது. அந்த அணி ஆஸ்டினுக்கு ஆட வரும்போது நான் இங்கே இருந்தால், எதிரணி டக்அவுட் நன்றாகத் தெரிகிற பக்கம் டிக்கெட் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.