கார்டு லைனுக்கு மேற்கே

தென்னிந்திய ரயில்வே கம்பெனி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமைத்த பாதை, விழுப்புரத்திலிருந்து கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் எனக் காவிரிப் படுகையைச் சுற்றிக்கொண்டு திருச்சியை அடைந்தது. டெல்டாவின் நெல்லுக்கும் கோயில் நகரங்களுக்கும் அது பொருந்தியதே ஆயினும், மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் செல்வோருக்கு வீண் தூரமாக இருந்ததால், விழுப்புரத்தையும் திருச்சியையும் விருத்தாசலம், அரியலூர், லால்குடி வழியாக இணைக்கும் குறுக்குப்பாதை 1920களின் இறுதியில் அமைக்கப்பட்டது. வளைந்து செல்லும் பாதையொன்றின் இரு முனைகளை ஏறக்குறைய நேராக இணைக்கும் இத்தகைய பாதையையே ரயில்வேயார் கார்டு லைன் என்பர். சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே சுமார் 65 கிலோமீட்டர் இதனால் குறைந்தது. தொலைதூர வண்டிகளின் நேரத்தை மிச்சப்படுத்துவதே இதன் நோக்கம். அரியலூருக்கு ரயில் வந்தது அந்த நோக்கத்தின் துணைவிளைவு என்றே கொள்ள வேண்டும்.

திருச்சிக்குச் செல்லும் பழைய பெருவழியோ மேற்கே பெரம்பலூரை ஒட்டியது. 1751இல் சந்தா சாகிபும் முகமது அலியும் ஐரோப்பியப் படைகளின் துணையுடன் மோதிய வாலிகண்டபுரமும், அதற்கு அருகிலுள்ள ரஞ்சன்குடிக் கோட்டையும் அவ்வழியின் முக்கியத்துவத்துக்குச் சான்று. சாலை பெரம்பலூரிலும் தண்டவாளம் அரியலூரிலுமாக நிலைபெற்றபின், சுமார் 30 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த இவ்விரு ஊர்களின் போக்கும் வேறு வேறாயிற்று.

அரியலூர்ப் பகுதி முற்காலத்தில் கடலடியில் கிடந்த நிலம்; அங்குள்ள சுண்ணாம்புக்கல்லும் புதைபடிவங்களும் அதன் எச்சங்களே. எடை மிகுந்த சிமெண்டையும் நிலக்கரியையும் கையாள ரயிலே ஏற்றது என்பதால், அதே கனிமப் பரப்பிலுள்ள டால்மியாபுரத்தில் 1939இல் தனியார் ஆலையும், அரியலூரில் 1979இல் அரசு ஆலையும் எழுந்தன. அந்த டால்மியாபுரத்துக்குக் கல்லக்குடி என்னும் பெயரை மீட்கக் கோரி 1953 ஜூலையில் மு. கருணாநிதி தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்ததும் இதே கார்டு லைனில்தான்.

பச்சைமலையில் தோன்றும் மருதையாறு ஆண்டின் பெரும்பகுதி மணற்படுகையாகக் கிடந்து, வடகிழக்குப் பருவமழையில் திடீரெனப் பெருக்கெடுக்கும் காட்டாறு. 1956 நவம்பர் 23 அதிகாலையில், வெள்ளத்தால் பலமிழந்த அதன் பாலத்தில் சென்ற தூத்துக்குடி எக்ஸ்பிரஸின் எஞ்சினும் பெட்டிகளும் ஆற்றுக்குள் கவிழ, நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். நாடு முழுவதும் அரியலூரின் பெயரை அறிந்தது அவ்வாறுதான். (2001இல் தனி மாவட்டமாகி மறு ஆண்டே பெரம்பலூருடன் மீண்டும் இணைக்கப்பட்ட அரியலூர், 2007இல் இரண்டாம் முறை மாவட்டமானதும் ஒரு நவம்பர் 23 அன்றே.)

பெரம்பலூர் 1995இல் மாவட்டத் தலைநகரான பின்னும் அந்நகருக்கு ரயில் வரவில்லை. கிழக்கே கார்டு லைன், வடக்கே சேலம்–விருத்தாசலம் பாதை, தெற்கே காவிரியை ஒட்டிய கரூர்–திருச்சி பாதை, மேற்கே 2013இல் பயணிகளுக்குத் திறக்கப்பட்ட நாமக்கல் வழியான சேலம்–கரூர் பாதை என நாற்புறமும் தண்டவாளம் சூழ, நடுவே பெரம்பலூரும் துறையூரும் விடுபட்டு நிற்கின்றன. இந்த இடைவெளியை அரியலூர்–பெரம்பலூர்–துறையூர்–நாமக்கல் என 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாதையால் நிரப்ப வேண்டும் என்னும் கோரிக்கையை, தொகுதியின் மக்களவை உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி எழுப்பி வந்துள்ளனர்.

புதிய பாதைக்கு முதலில் சர்வே நடைபெறும். நிலத்தின் தன்மை, கட்டுமானச் செலவு, எதிர்பார்க்கப்படும் பயணிகள், சரக்கு ஆகியவற்றைக் கணித்து, போட்ட முதலுக்கு ஆண்டுதோறும் என்ன விழுக்காடு திரும்பும் என்னும் வருவாய் விகிதம் வகுக்கப்படும். நெடுங்காலம் 14 விழுக்காடே தகுதிக்கான எல்லையாக இருந்தது. 2011 கணக்கெடுப்பில் 5,65,223 பேருடன் தமிழகத்திலேயே மக்கள்தொகை குறைந்த மாவட்டமாக இருந்த பெரம்பலூர், அத்தேர்வில் எளிதில் தேறாது. ஆனால் நாரணமங்கலத்தில் டயர் ஆலை வந்துவிட்டது. எறையூரில் காலணித் தொழிலுக்கென சிப்காட் பூங்கா 2022இல் தொடங்கப்பட்டது. வளரும் வட்டாரத்தை அதன் பழைய தலைக்கணக்கைக் கொண்டே மதிப்பிட்டால், ரயில் வந்த பிறகு பெருகும் போக்குவரத்து கணக்கில் ஏறாமலே போகும். அரியலூருக்கு வந்த பாதையும் அவ்வூர்ப் பயணிகளை நம்பிப் போடப்பட்டதன்று என்பதை இங்கு நினைவுகூரலாம்.

பாதை இருப்பதும் வண்டி நிற்பதும் வேறு என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வைகையும் பல்லவனும் அரியலூரில் நிற்கும்; 2023 செப்டம்பரில் தொடங்கிய சென்னை–திருநெல்வேலி வந்தே பாரத், விழுப்புரத்தை விட்டால் திருச்சியில்தான் நிற்கும் என அட்டவணையிடப்பட்டது. ஆகவே நாமக்கல் வரையிலான முழுப் பாதைக்கும் நிதி கிடைக்கும்வரை காத்திராமல், அரியலூர்–பெரம்பலூர்ப் பகுதியை முதற்கட்டமாக எடுத்துக்கொண்டு, சென்னை வண்டி ஒன்றைப் பெரம்பலூரிலிருந்தே புறப்படச் செய்வதே நடைமுறைக்கு உகந்தது.