மலபார் அலமாரி

ஜார்ஜ்டவுனில் பழைய புத்தகம் விற்கும் ஒரு கடையில் தமிழ்ப் புத்தகங்கள் பாதி தலைகீழாகத்தான் நிற்கும். அடுக்குகிறவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது, வேறொன்றுமில்லை. ஆயர் ஈத்தாமிலிருந்து பஸ் பிடித்துப் போகிற நான், சமையல் குறிப்புகளுக்கு நடுவே நாவலை உருவி எடுப்பேன். கடைக்காரரைக் கேட்டால், "இருக்கு தம்பி, எங்கயோதான் இருக்கு" என்பார். தொலைந்துபோவது என்பது பெரும்பாலும் இதுதான். புத்தகம் இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தவர் அந்த அலமாரி முன்னால் வந்திருக்க மாட்டார்.

தமிழ் அச்சின் தொடக்கமே இப்படித்தான் சிதறிக் கிடந்தது. ஐரோப்பியர்கள் நெடுங்காலம் தமிழை 'மலபார்' மொழி என்றார்கள். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்க'த்தின் போர்த்துக்கீசியத் தலைப்பு 'மலபார்', 'தமிழ்' என்ற இரண்டு பெயர்களையும் சேர்த்தே சொல்கிறது. 1708இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு தான் சேகரித்த தமிழ் நூல்களுக்குப் பட்டியல் போட்டார். திருக்குறளும் சிவவாக்கியமும் இருக்கிற அந்தப் பட்டியலின் பெயர் 'பிபிலியோதெக்கா மலபாரிகா'. இன்றைக்கு அந்தப் பெயரைக் கேட்கிறவர் மலையாள அலமாரிக்குத்தானே போவார்?

1554இல் லிஸ்பனில் அச்சான 'கார்த்தில்யா' இன்னும் விசித்திரம். மொழி தமிழ், எழுத்து ரோமன். தமிழன் புரட்டினாலும் முதல் பார்வையில் தமிழென்று பிடிபடாது.

1954இல் யாழ்ப்பாணத்துப் பாதிரியார் தனிநாயகம் அடிகள் ஐரோப்பிய நூலகங்களில் தேடினார். லிஸ்பனில் கார்த்தில்யாவையும், வாடிகனில் 1586இல் அச்சான 'அடியார் வரலாறு', அந்தாம் தெ ப்ரொயென்சாவின் தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி ஆகியவற்றையும் பார்த்தார். 'கண்டுபிடித்தார்' என்று எழுதுகிறோம். எனக்கு அந்தச் சொல்லில் கொஞ்சம் தயக்கம் உண்டு. நூலகம் அவற்றைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தது. தமிழுக்குத்தான் அவை அங்கே இருப்பது தெரியாமல் போயிற்று.

அந்த அகராதி 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சானது. 1961இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கு வந்த அடிகள், 1966இல் அதை அப்படியே நிழற்படப் பதிப்பாகக் கோலாலம்பூரில் வெளியிட்டார். முதல் உலகத் தமிழ் மாநாடு அங்கே நடந்த அதே வருஷம். மாநாட்டைப் பற்றிப் பேச நம்மிடம் ஆட்கள் உண்டு, அகராதியைப் பற்றிப் பேச அவ்வளவாக இல்லை. எனக்கென்னவோ அகராதிதான் பெரிய காரியம்.

பினாங்கின் கதையும் பக்கத்தில்தான் இருக்கிறது. 1886இல் நீரிணைக் குடியேற்ற அரசு புத்தகப் பதிவுச் சட்டம் கொண்டுவந்தது. இங்கே அச்சாகும் நூல்களின் பிரதிகளை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். அதில் ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கப்பலேறும். அந்த மியூசியத்தின் தமிழ் நூல் பட்டியலை பார்னெட்டும் ஜி.யு. போப்பும் தொகுத்தார்கள், அது 1909இல் வெளியானது. கண்காணிக்கப் போட்ட சட்டம், கரையானிடமிருந்து நம் புத்தகங்களைக் காப்பாற்றிவிட்டது. நம் தெருவில் அச்சானதைத் தேட லண்டன் பட்டியலைத்தான் முதலில் திறக்க வேண்டியிருக்கிறது. ஊர்ப் பெயரைப் பல எழுத்துக்கூட்டலில் போட்டுத் தேடுங்கள், ஒன்றோடு விட்டுவிடாதீர்கள்.